ஒரு கடிதமும் ஒரு கையெழுத்தும்

டாக்டரம்மாவுக்காக வக்காலத்து போட்டபோது என்னிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு கடிதம். அவரே கைப்பட எழுதி, கார்பன் வைத்து எடுத்த நகல். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

‘29 வயது. இரண்டாவது கர்ப்பம், 30 வாரம். 19 வயதில் குடல்வால் வெடித்து அறுவை நடந்திருக்கிறது. தொப்புளுக்குக் கீழே நடுவில் தழும்பு. நேற்றிரவு முதல் விட்டுவிட்டு வயிற்று வலி, பச்சை நிற வாந்தி. காலையிலிருந்து மலம் இல்லை, காற்றும் பிரியவில்லை. வலி வரும்போது கர்ப்பப்பை இறுகவில்லை. குழந்தையின் துடிப்பு 148. ரைல்ஸ் ட்யூப் போட்டதில் 900 மில்லி பச்சை நீர் வெளியேறியது. டிரிப்ஸ் ஓடுகிறது. குடல் அடைப்பு என்று சந்தேகிக்கிறேன். அறுவை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். நின்ற நிலையில் வயிற்று எக்ஸ்ரே தேவை.’

கீழே நேரம், கையெழுத்து, தொலைபேசி எண். இந்தக் கடிதத்தை எழுதியவர்தான் அந்த வழக்கில் இரண்டாம் எதிர்தரப்பு.

காவிரியின் கடைமடைப் பக்கத்துச் சிறு ஊரில் அவருடைய நர்சிங் ஹோம். ஆறு கட்டில். மயக்க மருந்து கொடுப்பவர் கூப்பிட்டால் வருவார்; அறுவை மருத்துவர் வாரம் ஒருமுறை வருவார். முப்பது வருடமாகச் சுற்றுவட்டாரத்துப் பிரசவமெல்லாம் அவர் கையில்தான். அந்தப் பெண்ணைப் பரிசோதித்து, மூக்கு வழியாகக் குழாய் இறக்கி, சொட்டு மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, மாவட்டத் தலைநகரிலிருந்த பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனில் சொல்லி, இந்தக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். வந்த ஒரு மணி நேரத்துக்குள் இத்தனையும் முடிந்திருந்தது.

அந்தப் பெரிய மருத்துவமனையில் அவள் 38 மணி நேரம் இருந்தாள். அதன்பிறகு உயிர் ஊசலாடும் நிலையில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினார்கள். அங்கே வயிற்றைத் திறந்தபோது, பழைய அறுவையின் விளைவாக உருவான ஒரு நார்ப்பட்டை சிறுகுடலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஏறக்குறைய மூன்றடிக் குடல் கறுத்து அழுகிவிட்டதால் வெட்டி எடுத்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தையின் துடிப்பு அங்கே போய்ச் சேரும்போதே நின்றிருந்தது.

கணவரும் மனைவியும் சேர்ந்து மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தார்கள். 1986ஆம் வருடச் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது; 20 லட்சம் வரை மாவட்ட மன்றத்திலேயே கேட்கலாம். பெரிய மருத்துவமனை முதலாம் எதிர்தரப்பு. டாக்டரம்மாவின் மீது சொன்ன குற்றம் இது: ‘எங்களைச் சரியாகப் பார்க்காமல் அவசர அவசரமாகத் துரத்திவிட்டார்.’ பெரிய மருத்துவமனையின் பதிலுரை வந்தது. அதுவும் அவரையே சாடியது: ‘நோயை உறுதிப்படுத்தாமல் குழாய் போட்டு, அறிகுறிகளை மறைத்து அனுப்பிவிட்டார். எங்களிடம் வரும்போது நோயாளிக்கு வாந்தியே இல்லை.’

ஒரு பக்கம் எதுவும் செய்யவில்லை என்கிறார்கள்; மறுபக்கம் அளவுக்கு மீறிச் செய்துவிட்டார் என்கிறார்கள். பதிலுரையைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். “அந்தப் பொண்ணு இப்ப சாப்பிடறாளா தம்பி?”

புகார்தாரர் தரப்பு முதலில் காவல் நிலையத்துக்குத்தான் போயிருந்தது. மருத்துவர்மீது குற்ற வழக்குப் பதியும் முன் அந்தத் துறை தெரிந்த, சார்பில்லாத ஒருவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும், குற்றமாகக் கொள்ள வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கருத்துக் கேட்டார்கள், கோப்பை மூடினார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. கைதும் சிறையும் இதற்குத் தீர்வில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. ஆகவே, அந்தக் கதவு திறந்திருந்தது.

பதிலுரை எழுதும் முன் எனக்கு மருத்துவம் புரிந்தாக வேண்டும். சாயந்தரங்களில் புறநோயாளிகள் போன பிறகு டாக்டரம்மா எனக்குப் பாடம் எடுத்தார்.

கர்ப்பத்தில் குடல் அடைப்பு அபூர்வம். 1,500 கர்ப்பத்துக்கு ஒன்று என்று ஒரு புத்தகம் சொன்னால், 66,000க்கு ஒன்று என்று இன்னொன்று சொல்லும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வயிற்றில் முன்பு அறுவை நடந்தவர்கள். அறுவை ஆறும்போது குடலோடு குடலோ, குடலோடு வயிற்றுச் சுவரோ ஒட்டிக்கொள்ளும். நடுவே நார்போலப் பட்டைகள் உருவாகும். பல பேருக்கு அது ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராது. ஆனால் கர்ப்பப்பை வளரும்போது குடல் மேலேயும் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. சும்மா கிடந்த பட்டை அப்போது இழுபடுகிறது. கர்ப்பப்பை இடுப்பெலும்பை விட்டு மேலே ஏறும் நாலாம், ஐந்தாம் மாதம் ஒரு கண்டம். குழந்தையின் தலை கீழே இறங்கும் கடைசி மாதங்கள் இன்னொன்று. பிரசவமாகி வயிறு சட்டென்று சுருங்கும் நாட்களும் அப்படித்தான். அடைப்புக்கு அடுத்த பெரிய காரணம் குடல் முறுக்கிக்கொள்வது.

“கண்டுபிடிக்கிறதுல என்ன கஷ்டம்னா, எல்லாத்துக்கும் கர்ப்பம்னு ஒரு பதில் ரெடியா இருக்கு,” என்றார். வாந்தியா? மசக்கை. வயிறு வீக்கமா? ஏழு மாத வயிறு அப்படித்தான் இருக்கும். மலச்சிக்கலா? இரும்புச் சத்து மாத்திரை. விட்டுவிட்டு வலியா? பொய்வலி. ரத்தத்தில் வெள்ளணு கூடியிருக்கிறதா? கர்ப்பிணிக்கு 15,000, 16,000 வரைகூட இயல்பாகவே ஏறும். அடைப்பின் அறிகுறி ஒவ்வொன்றையும் கர்ப்பத்தின் கணக்கில் எழுதிவிடலாம். எழுதியவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

“அப்ப நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க டாக்டரம்மா?”

“மசக்கை வாந்தி அஞ்சாம் மாசத்துக்குள்ள அடங்கிரும். ஏழாம் மாசத்துல புதுசா ஆரம்பிச்சா அது மசக்கை இல்ல. அப்புறம், வாந்தி பச்சையா இருந்துச்சு. பித்தநீர் கலந்து வருதுன்னா இரைப்பைக்குக் கீழ எங்கியோ தடைன்னு யோசிக்கணும். வலி வந்தப்ப வயித்துல கைய வெச்சுப் பார்த்தேன். பிரசவ வலின்னா கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகும். அவ துடிக்கிறா, கைக்குக் கீழ கர்ப்பப்பை மெத்துனு இருக்கு. அப்ப வலி வேற எடத்துலேருந்து வருது. தழும்பு கண்ணு முன்னாடி இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

இதற்கு ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. கேட்டது, தொட்டது, பார்த்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு எத்தனையோ மருத்துவ வழக்குகளில் கேஸ் ஷீட் படித்திருக்கிறேன். நோயாளியின் வயிற்றில் யார் கைவைத்துப் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதைத்தான் இன்றைக்கும் முதலில் தேடுவேன்.

குழாய் போட்டது சரிதானா என்றும் கேட்டேன். அடைப்பு என்று சந்தேகம் வந்ததுமே செய்ய வேண்டிய முதல் வேலை அதுதானாம். மேலே தேங்கிய நீரை வெளியே எடுத்தால் குடலின் வீக்கம் குறையும், வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் குறையும். இழந்த நீரையும் பொட்டாசியத்தையும் நாளத்தின் வழியே ஈடுகட்ட வேண்டும். ஒட்டுதலால் வரும் அடைப்பில் பலவும் இந்த அளவிலேயே விடுபட்டுவிடுவது உண்டு. விடுபடுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். நாடி, காய்ச்சல், வயிற்றின் இறுக்கம், குழாயில் வரும் நீரின் அளவு. சில மணிக்கொரு தரம் அறுவை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். குழந்தை முன்னதாகப் பிறக்க நேர்ந்தால் நுரையீரல் தாங்கும்படி தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம். விடுபடாவிட்டால் திறக்க வேண்டியதுதான், நெட்டுக்குத்தான வெட்டில், தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்து. சுமந்துகொண்டிருக்கும் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்திவிடக் கூடாதல்லவா?

பெரிய மருத்துவமனை ‘வாந்தியே இல்லை’ என்று சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழாய் வேலை செய்ததால் வாந்தி நின்றது. நின்றதைப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட ஒழுங்குமுறை. கேட்டார்கள், கொடுத்தார்கள். நான் மருத்துவர்கள் எழுதிய பக்கங்களையும் செவிலியர்கள் எழுதிய பக்கங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். இந்த மாதிரி வழக்கை ஏற்கும் இளம் வக்கீல்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். மருத்துவர் தன் எண்ணத்தை எழுதுவார். செவிலியர் நடந்ததை எழுதுவார்.

மாலை 6.40க்குச் சேர்க்கை. கடிதம் கோப்பில் இருக்கிறது. டியூட்டி டாக்டரின் குறிப்பு: ‘வாந்தி இல்லை. வயிறு மென்மை. இரைப்பை அழற்சி.’ இரவு முழுவதும் குழாயில் வந்தது 150 மில்லி. நீர் குறைந்தால் உள்ளே தேக்கம் தீர்ந்தது என்றும் கொள்ளலாம், குழாய் அடைத்துக்கொண்டது என்றும் கொள்ளலாம்; அதைக் கழுவி உறிஞ்சிப் பார்த்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை. காலை 9.15: ‘நோயாளி சௌகரியமாக இருக்கிறார். குழாய் எடுக்கப்பட்டது.’ 11 மணிக்கு ஸ்கேன். குழந்தையின் தலைச் சுற்றளவு, தொடையெலும்பு நீளம், பனிக்குட நீர், நஞ்சு இருக்கும் இடம், எல்லாம் சரி. குடலைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. 1 மணிக்குக் கஞ்சி.

மாலை 4.10. செவிலியர் பக்கம்: ‘வாந்தி, பச்சை நிறம், சுமார் 400 மில்லி. டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது.’ அதே நேரத்துக்கு மருத்துவர் பக்கம்: ‘குமட்டல். கர்ப்பம் சார்ந்தது. ஊசி போடவும்.’

பச்சை என்ற நிறமும் 400 என்ற அளவும் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. வழக்கின் உயிர்நாடி அந்த இடைவெளியில் இருந்தது. அந்தச் செவிலியர் யாரென்று எனக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி எழுதிவைத்த அவருக்கு நான் மனதார நன்றி சொல்லியிருக்கிறேன்.

இரவு 7 மணிக்கு அறுவை மருத்துவரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். அவர் நேரில் வரவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. ஏனென்றால் 8.30க்கு ஒரு காகிதத்தில் கணவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அச்சடித்த ஆங்கிலப் படிவம். ‘எக்ஸ்ரே கதிரால் கருவுக்கு ஏற்படக்கூடிய பாதிப்புகள் எனக்கு விளக்கப்பட்டன. நான் எக்ஸ்ரேயை மறுக்கிறேன்.’

விடியற்காலை 5 மணியிலிருந்து வலி விடாமல் தொடர்ந்தது. விட்டுவிட்டு வந்த வலி நிரந்தர வலியானால் குடலுக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது என்று அஞ்ச வேண்டும். 8.40க்கு மாற்றும்போது நாடி 132, ரத்த அழுத்தம் 80க்கு 50.

முதலாம் எதிர்தரப்புக்கு வந்தவர் அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர். அவர் கட்டிய அரண் மூன்றடுக்கு. ஒன்று, நோய் மிக அபூர்வம். சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் தவறவிடக்கூடியதுதான். இரண்டு, எக்ஸ்ரே எடுக்காதது குழந்தையின் நன்மைக்காக. மூன்று, கணவரே மறுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதல் வாதத்தில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அபூர்வ நோயைத் தவறவிட்டதற்காக மட்டும் எந்த மன்றமும் மருத்துவரைத் தண்டிக்கக் கூடாது. 1957இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கிலிருந்து நம் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோலும் அதுதான்: பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும் முறையில் நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது. ஆனால் இங்கே நோயின் பெயரை எழுதியே அனுப்பியிருக்கிறார்கள். 66,000 பேரில் ஒருத்தியைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வயிற்றில் தழும்போடும் பச்சை வாந்தியோடும் வந்த ஒருத்தியைப் பார்க்கச் சொன்னார்கள். கடிதத்தைப் படித்து, யோசித்து, இன்ன காரணத்தால் அடைப்பில்லை என்று எழுதியிருந்தால் அது தவறான முடிவாகவே இருந்தாலும் மருத்துவருக்குரிய சுதந்திரம் என்று வாதாட இடமிருந்திருக்கும். கோப்பில் அப்படி ஒரு வரி இல்லை.

இரண்டாவது வாதத்துக்கு டாக்டரம்மாவே பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பெரிய மருத்துவமனை எங்கெங்கே தவறியது என்று அவர் பெயரில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து எடுத்துக்கொண்டு போனேன். படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நான் அங்க இல்ல தம்பி. என் லெட்டருக்கு நான் பதில் சொல்றேன். அவங்க செஞ்சதுக்கு அவங்க கேஸ் ஷீட் பதில் சொல்லட்டும்.”

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. தனக்குச் சாதகம் என்பதற்காக, தான் பார்க்காத ஒன்றைப் பற்றி உறுதிமொழி கொடுக்க அவர் தயாராக இல்லை. வக்கீலாக எனக்கு அது இடைஞ்சல்தான். ஆனாலும் அந்த மனுஷிமேல் எனக்கு மதிப்புக் கூடியது அன்றைக்குத்தான்.

ஆகவே, அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை செய்த பேராசிரியருக்கு மன்றத்தின் வழியாக வினாப்பட்டியல் அனுப்பினேன். எதிர்த்தரப்பும் அனுப்பியது. அவர் எழுதிய பதில்கள் சுருக்கமானவை. குழந்தையின் துடிப்பு இருந்திருந்தால் அந்த எக்ஸ்ரேயை எடுத்திருப்பீர்களா என்ற கேள்விக்கு, ‘எடுத்திருப்பேன்’ என்று எழுதி, காரணத்தையும் எழுதியிருந்தார். ஒரு வயிற்று எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர் பொதுவாக 0.1 முதல் 3 மில்லிகிரே. 50 மில்லிகிரேவுக்குக் கீழே கருச்சிதைவோ ஊனமோ கூடுவதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2004லேயே வழிகாட்டியிருக்கிறது. வசதி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாம், அதில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. எதுவும் எடுக்காமல் இருப்பதுதான் இந்த மூன்றிலும் ஆபத்து அதிகமான வழி. அவருடைய மருத்துவமனையில் எடுத்த படத்தில், ஏணிப்படிபோலக் குடல் வளைவுகளும் அவற்றுக்குள் காற்றும் நீரும் தனித்தனி மட்டங்களாக நிற்பதும் தெரிந்தன.

முதல் நாள் மாலையே தெரிந்திருந்தால் குடல் பிழைத்திருக்குமா என்று நாங்கள் கேட்டோம். அப்போது நாடியும் வயிறும் இருந்த நிலையைப் பார்த்தால் குடலுக்கு உயிர் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். குழந்தை பிழைத்திருக்குமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் இணைத்திருந்த 1992ஆம் வருடக் கட்டுரை ஒன்று, அமெரிக்க அறுவை இதழில் வந்தது, 66 கர்ப்பிணிகளின் குடல் அடைப்பைத் தொகுத்துப் பேசியது. தாய்மார்களில் நூற்றுக்கு 6 பேரும் குழந்தைகளில் நூற்றுக்கு 26ம் இறந்திருந்தார்கள். இரு தரப்புமே அந்தக் கட்டுரையை எடுத்து வாதாடினோம்.

பிறகு கணவரின் குறுக்கு விசாரணை. நுகர்வோர் மன்றத்தில் வாய்மொழிச் சாட்சியம் அரிது. பெரும்பாலும் எல்லாம் காகிதத்தில்தான். அந்தக் கையெழுத்தின் பொருட்டு எதிர்த்தரப்பு கேட்டு வாங்கியது. பம்புசெட் மெக்கானிக் அவர். கூண்டில் நின்றவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“படிச்சுட்டுத்தானே போட்டீங்க?”

“இங்கிலீஷ்ல இருந்துச்சு சார். எக்ஸ்ரே எடுத்தா பாப்பாவுக்குக் கதிர் படும், வேணாம்னா கையெழுத்துப் போடுங்கன்னாங்க. எந்த அப்பன் சார் படட்டும்னு சொல்வான்?”

மன்றத்தில் யாரும் பேசவில்லை. மூத்த வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் என் கட்சிக்காரர் மீதும் வழக்குப் போட்டவர்தான். ஆனாலும் நான் எழுந்து மன்றத்தின் அனுமதியோடு கேட்டேன்.

“எக்ஸ்ரே எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா?”

“வயித்தைப் பார்க்கன்னாங்க.”

“எடுக்கலேன்னா என்ன ஆகும்னு சொன்னாங்களா?”

“இல்ல சார். குடல் அடைப்புங்கறதே மறுநாள் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலதான் சார் தெரியும்.”

“நீங்க கையெழுத்துப் போட்டப்ப உங்க மனைவி எங்க இருந்தாங்க?”

“கட்டில்லதான். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா.”

“அவங்களைக் கேட்டாங்களா?”

“இல்ல சார்.”

சமீரா கோலி வழக்கை நான் எடுத்து வைத்தது இந்த இடத்தில்தான். 2008இல் வந்த தீர்ப்பு. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பெண் வயது வந்தவர், மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம் என்பது காரணம். நம் வழக்கில் அவள் மயக்கத்தில்கூட இல்லை. அதே தீர்ப்பு, நோயாளியிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் வகுத்திருக்கிறது: செய்யப்போவது என்ன, எதற்கு, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, மறுத்தால் விளைவது என்ன. கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. எடுத்தால் வரும் ஆபத்தை மட்டும் சொல்லி, எடுக்காவிட்டால் வரும் ஆபத்தைச் சொல்லாமல் வாங்கிய மறுப்பு, மறுப்பே ஆகாது என்று வாதிட்டேன். சம்மதத்துக்கு எவ்வளவு விளக்கம் வேண்டுமோ அதைவிட ஒரு பங்கு கூடவே மறுப்புக்கு வேண்டும்; ஏனென்றால் சம்மதித்தவரை மருத்துவர் தொடர்ந்து கவனிக்கிறார், மறுத்தவரைக் கோப்பு மூடிவிடுகிறது. இது என் சொந்த அபிப்பிராயம். எந்தத் தீர்ப்பும் இப்படிச் சொன்னதாக நான் காட்ட முடியாது.

என் கட்சிக்காரருக்காக நான் முக்கியமாகச் சார்ந்து நின்றது அதைவிடப் பழைய ஒரு தீர்ப்பு, 1960களின் கடைசியில் லட்சுமண் ஜோஷி வழக்கில் வந்தது. மருத்துவருக்கு மூன்று கடமைகளை அது சொல்கிறது. இந்த நோயாளியை நான் ஏற்கலாமா என்று தீர்மானிப்பதில் கவனம். என்ன சிகிச்சை என்று தீர்மானிப்பதில் கவனம். அந்தச் சிகிச்சையைக் கொடுப்பதில் கவனம். டாக்டரம்மா துரத்தவில்லை, முதல் கடமையைச் செய்தார் என்றேன். அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் எந்நேரமும் இல்லாத இடத்தில் அவளை ஓர் இரவு வைத்திருந்தால் அதுதான் குறைபாடு. அனுப்பியது சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்கு அத்தாட்சி அந்தக் கடிதம். குழாயைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் அதுவே பதிலாக அமைந்தது: குழாய் போட்டதையும் 900 மில்லி வந்ததையும் அவர் ஒளிக்கவில்லை, எழுதியே அனுப்பினார். வாந்தி ஏன் நின்றது என்பதைப் படித்தவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நோயைத் தவறாகக் கணித்த வழக்கில் ஒவ்வொரு முறையும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் புகார்தாரர் தரப்பு காட்டியது. எங்கள் வழக்கில் நிபுணரும் இருந்தார், ஆவணமும் இருந்தது.

மன்றம் டாக்டரம்மாவை முழுமையாக விடுவித்தது. முதலாம் எதிர்தரப்பின் சேவையில் குறைபாடு என்றது. அறுவை செய்யாததைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் இரவில் பொறுத்திருந்து பார்த்ததையும் தவறென்று சொல்லவில்லை. குழாயை எடுத்த பிறகு கண்காணிக்காததும், பச்சை வாந்தி மீண்டும் வந்தபோது அறுவை மருத்துவர் நேரில் வராததும், படம் எடுக்காததும்தான் குறைபாடு என்று பிரித்துச் சொன்னது. அந்தப் பகுப்பு எனக்குப் பிடித்திருந்தது. பொறுத்திருப்பதும் வைத்தியம்தான், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே பொறுத்திருந்தால்.

மேல்முறையீட்டில் மாநில ஆணையம் தொகையைக் குறைத்தது. குழந்தை எப்படியும் பிழைத்திருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்ற பேராசிரியரின் பதிலை அதற்குக் காரணமாகக் காட்டியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழைக்கும் வாய்ப்பைப் பறிகொடுத்ததும் ஓர் இழப்புதான்; அதை எப்படி மதிப்பிடுவது என்பதில் நம் சட்டம் இன்னும் தெளிவான வழியைக் கண்டடையவில்லை. ஆனால் குறைபாடு என்ற முடிவில் ஆணையம் கைவைக்கவில்லை. பணம் வருவதற்கு நிறைவேற்று மனு போட வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, தன் வக்கீலிடம் சொல்லிவிட்டு, அந்த மெக்கானிக் என் அலுவலகத்துக்கு வந்தார். டாக்டரம்மா மீது வழக்குப் போட்டதற்காக அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். மனைவிக்குச் சாப்பாடு இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒத்துக்கொள்கிறதாம். எடை பாதிகூடத் திரும்பவில்லையாம். டாக்டரம்மா மாதாமாதம் பார்க்கிறாராம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், அந்தக் கையெழுத்தப் பத்தி ஜட்ஜ் ஏதோ எழுதியிருக்காராமே?”

தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. கணவரிடம் முழு விவரமும் சொல்லப்படவில்லை, நோயாளியிடம் கேட்கவே இல்லை, ஆகவே அந்தப் படிவத்தைச் சிகிச்சையை மறுத்ததாகக் கொள்ள முடியாது, நடந்ததற்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பில்லை என்று மன்றம் சொல்லியிருந்தது. மாநில ஆணையமும் அதை ஏற்றிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

அந்தப் பத்தியை மட்டும் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அந்த இரவுக்குப் பிறகு மாமியார் அவரோடு பேசுவதில்லையாம்; அவரிடம் காட்ட வேண்டுமாம். எழுதி, கீழே வழக்கு எண்ணையும் தீர்ப்புத் தேதியையும் போட்டுக் கொடுத்தேன்.